இரண்டு ரிங், அப்புறம் கட்

பாயம்மா,

இன்று காலை போன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, பின்களைத் துணியால் துடைத்து, வாசலின் தடவினேன். நீங்கள் செய்வது போலவே சுண்டுவிரல் நுனியில் கொஞ்சமாக எடுத்துத்தான். அந்த வாசனை வந்ததும் உங்கள் வீட்டு ஹாலில் நிற்பது போல இருந்தது. மருந்துக்கடையில் வாங்கும் எல்லா வாசலினும் இப்படித்தான் மணக்கும். ஆனால் வெடித்த குதிகாலுக்குத் தடவுகிற பொருளை போன் பெட்டிக்குத் தடவி நான் பார்த்தது உங்களை மட்டும்தான்.

"உப்புக்காத்து டீச்சர். ஜன்னல் கம்பியவே தின்னுது, இந்தச் சின்னப் பித்தளைய வுட்ருமா?" என்பீர்கள்.

பெட்டி இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கையகலக் கறுப்புப் பெட்டி, முன்பக்கம் இரண்டு பச்சை விளக்கு. உங்கள் வீட்டைக் காலி செய்தபோது பர்வீன் இதை ஒரு பூத்துவாலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பாத்திரம், பீரோ, தையல் மிஷின் எல்லாம் கோட்டக்குப்பத்தில் அவள் வீட்டுக்குப் போய்விட்டன. "இது ஒங்க ரெண்டு பேருக்கும்தான் புரியும் டீச்சர்" என்றாள் உங்கள் மகள். இப்போது எனக்கு மட்டும்தான் புரியும்.

நீங்கள் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விரலுக்கு உதடு தெரியும், உதட்டுக்கு விரல் தெரியாது. அப்படி இருக்கிறது. சோறு வைக்கிறேன், சாப்பிடுகிறேன், தெருவில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன். இந்தப் பெட்டியைப் பற்றி நடந்ததை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடத்தில் அவர்களுக்குச் சலித்துவிடுகிறது. கடைசிவரை கேட்கும் பொறுமை உங்களுக்குத்தான் இருந்தது. அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

பிரம்மதேசம் பள்ளியில் ஓய்வு பெற்று நான் உங்கள் தெருவுக்குக் குடிவந்த முதல் வாரம், ஜன்னல் வழியாக உங்கள் குரல் கேட்டது. "லோன்லாம் வேணாம்மா. நீ சாப்புட்டியா? எந்த ஊரு ஒனக்கு? காலைலேந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிருக்குது பாரு, சுடுதண்ணி குடி." கடன் விற்கக் கூப்பிடும் பெண்ணிடம் இவ்வளவு அன்பாகப் பேசும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பழகிய பிறகு ஒரு நாள் கேட்டேன். தெரியாத நம்பரை எல்லாம் ஏன் எடுக்கிறீர்கள், கட் செய்துவிட வேண்டியதுதானே என்று.

அப்போதுதான் பாயைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அத்தனை வருடம் வளைகுடாவில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இன்டர்நெட் வழியாகக் கூப்பிடுவார். அந்த அழைப்பு எத்தனையோ கம்பெனிகளின் கை மாறி ஊருக்கு வரும். வழியில் ஏதோ ஒரு கையில் அவருடைய நம்பர் தொலைந்து, வேறொரு நம்பர் ஒட்டிக்கொள்ளும்.

"ஒரு வாரம் டெல்லி நம்பர்ல வருவாரு. அடுத்த வாரம் ஏதோ பேர் தெரியாத நாட்டு நம்பர். ஒரு தபா நம்பரே இல்லாம வந்தாரு. புருஷன் ஒருத்தர்தான் டீச்சர், போன்ல அம்பது பேரு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். "அதுல ஒன்ன கட் பண்ணா அவரத்தானே கட் பண்ற மாதிரி? எடுத்து எடுத்துப் பழகிடுச்சு."

அவர் ஊருக்குத் திரும்பி, இங்கேயே மவுத் ஆகிப் பல வருடம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் கடைசியாக ஊருக்கு வந்தபோது கொண்டுவந்ததுதான் இன்டர்நெட் வழியாகப் போன் பேச உதவும் இந்தக் கறுப்புப் பெட்டி.

உப்பளத்துப் பெண்களின் குழு பழைய வேன் ஒன்றை வாங்கி, ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று நிறுத்தியபோது, போன் எடுக்கும் வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். வீட்டில் இருப்பவர், எந்த நம்பர் வந்தாலும் எடுப்பவர், வேறு என்ன தகுதி வேண்டும்? பாயின் பெட்டியில் ஒரு புது நம்பரை வாங்கிப் போட்டீர்கள். அந்த நம்பரை உப்பளக் கொட்டகைகளின் தகரத்தில் நீலப் பெயின்டில் எழுதினார்கள். ஈ.சி.ஆர். ஓரத்துக் கொட்டகையிலிருந்து கழுவெளிச் சதுப்புப் பக்கம் கடைசிக் கொட்டகை வரைக்கும்.

பேசுவதற்காக எழுதியதல்ல அந்த நம்பர். உப்பளத்தில் யாரும் அதில் பேசமாட்டார்கள். இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தால் வண்டி வேண்டும் என்று பொருள். நாம் உடனே திருப்பிக் கூப்பிட்டு, எந்தப் பாத்தி, யாருக்கு என்ன என்று கேட்போம். பேச பேலன்ஸ் இல்லாத காலத்தில் வந்த வழக்கம் அது. இப்போது யாருக்கும் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் உதவி கேட்பவர் மிஸ்டு கால் கொடுப்பதும், கொடுப்பவர் திருப்பிக் கூப்பிடுவதும்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. முழு ரிங் விட்டால் அதிகாரம் பண்ணுவது போல இருக்குமாம்.

நீங்கள் தொழுகைக்கு நிற்கும் நேரத்திலும் மீன் வாங்கப் போகும் நேரத்திலும் வரும் மிஸ்டு கால்கள் தவறின. நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். ஒரே நேரத்தில் மூன்று போனை அடிக்க வைக்கும் வசதி நமக்கு நம்பர் தந்த கம்பெனியில் இல்லை, வேறொரு இன்டர்நெட் போன் கம்பெனியில் இருந்தது. பெட்டியின் நம்பருக்கு வரும் அழைப்பை முதல் கம்பெனி அந்த இரண்டாவது கம்பெனிக்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டும். அது உங்கள் போன், என் போன், டிரைவர் குமார் போன் மூன்றையும் அடிக்க வைக்கும். யார் முதலில் பார்க்கிறோமோ அவர் திருப்பிக் கூப்பிடுவது. அன்று மாலை நீங்கள் எனக்கும் குமாருக்கும் சேமியா பாயசம் கொடுத்தீர்கள்.

மறுநாள் நண்பகலில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் போன் இரண்டு ரிங் அடித்து நின்றது. திரையில் 'வண்டி' என்று இருந்தது. நம் பெட்டியின் நம்பரை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தேன்.

"என்ன பாயம்மா, அடுப்படியிலேந்து எனக்குப் போன் பண்றீங்க?"

"நான் எங்க பண்ணேன்? என் கை ரெண்டும் மீன்ல இருக்குது."

சொல்லி முடிப்பதற்குள் திரும்பவும் அடித்தது. அதே 'வண்டி'. எடுத்தேன். மறுமுனையில் குமார்.

"சொல்லுங்க டீச்சர், எங்க வரணும்?"

"நீதானேப்பா கூப்பிட்ட?"

"நான் எங்க கூப்ட்டேன்? நம்ம நம்பர்லேந்து எனக்கு மிஸ்டு கால் வந்துது. நீங்கதான்னு நெனச்சித் திருப்பி அடிச்சேன்."

குமார் நம் நம்பருக்குத் திருப்பி அடித்தால் அது சுற்றிக்கொண்டு நம் மூன்று பேருக்கும்தானே வரும்? அவன் போனிலேயே அவன் அழைப்பு வந்து நின்றதாம். "டீச்சர், நானே எனக்குப் போன் பண்றேன், எடுக்கட்டுமா?" என்றான். நீங்கள் மீன் கையோடு வந்து வாசற்படியில் சாய்ந்து நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே இன்னொரு முறை இரண்டு ரிங் அடித்து நின்றது. "குமாரு, போதும்டா வெளையாட்டு" என்று நீங்கள் போனைப் பார்த்துச் சொன்னீர்கள். அது குமார் இல்லை.

அது அஞ்சலை. கடைசிக் கொட்டகைப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஏழுமலை, பலகையைப் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார். வாய் கோணி, பேச்சு குழறியிருக்கிறது. அவள் இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தாள். காத்திருந்தாள். மறுபடி இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தாள். காத்திருந்தாள். பிறகு உப்பு ஏற்ற வந்த லாரியில் மூட்டைகளின் மேல் கிடத்தி மரக்காணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து புதுச்சேரிக்கு. உயிர் இருந்தது. இடது கை விளங்காமல் போய்விட்டது.

நாம் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றபோது அஞ்சலை கோபப்படவில்லை. "ரெண்டு தபா மிஸ்டு கால் குடுத்தேன் பாயம்மா. நீங்க கூப்புடுவீங்கன்னு போனையே பாத்துனு நின்னுனு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேனில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னீர்கள்: "போன் அடிச்சா மட்டும் போதுமா டீச்சர்? யாரு அடிச்சாங்கன்னு தெரிய வேணாமா?"

ஃபார்வர்ட் ஆகும்போது கூப்பிட்டவர் நம்பர் தொலைந்து, நம் பெட்டியின் நம்பரே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு உங்கள் வேலை இரண்டு கம்பெனிகளின் உதவி எண்களுக்கும் மாறி மாறிப் பேசுவதுதான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவீர்கள். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடும் இசை உங்கள் வீட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டது. இரண்டாவது கம்பெனி, எங்களுக்கு எந்த நம்பர் வருகிறதோ அதைத்தான் காட்டுகிறோம் என்றது. முதல் கம்பெனி, எங்கள் வழியாகப் போகும் அழைப்பில் எங்கள் வாடிக்கையாளரின் நம்பர்தான் இருக்க வேண்டும், கண்ட நம்பரைப் போட்டு அனுப்பினால் ஏமாற்றுக்காரர்களுக்கு வழி திறந்துவிட்டது போல ஆகும் என்றது. இரண்டும் நியாயமாகத்தான் இருந்தன. நடுவில் அஞ்சலையின் நம்பர் இல்லை.

எனக்குப் பழக்கமான வழியில் ஓர் உதாரணம் சொன்னேன். நான் வீடு மாறிவிட்டேன். பழைய முகவரிக்கு எனக்குக் கடிதம் வருகிறது. பழைய வீட்டுக்காரர் 'பெறுநர்' இடத்தில் இருக்கும் முகவரியை அடித்துவிட்டு என் புது முகவரியை எழுதித் தபால்பெட்டியில் போடுகிறார். 'அனுப்புநர்' இடத்தைத் தொடுவதில்லை. அதனால் கடிதம் யாரிடமிருந்து என்று எனக்குத் தெரிகிறது. ஃபார்வர்டும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தீர்கள். "செரி. ஆனா இங்க பழைய வூட்டுக்காரரு அனுப்புநரையும் அடிச்சிட்டு அவரு பேர எழுதிடுறாரு. ஏன்னா புது ஊரு தபால்காரரு அவரத்தான் நம்புவாரு. தெரியாத பேர் இருந்தா கவர வாங்கவே மாட்டாரு."

"ஆமாம்."

"அப்ப ரெண்டு பேரையும் எழுதச் சொல்லுவோம். அனுப்புநர் எடத்துல அஞ்சலை இருக்கட்டும். ஓரத்துல சின்னதா, 'இவங்க மூலமா வருது'ன்னு நம்ம பேரு. தபால்காரரு ஓரத்தப் பாத்து நம்பட்டும். நாம அனுப்புநரப் பாத்துக்குறோம்."

விஷயம் அதுதான், பாயம்மா. இன்டர்நெட் அழைப்பில் அப்படி ஓர் ஓரம் உண்மையிலேயே இருக்கிறது. கூப்பிட்டவர் நம்பருக்கு ஓர் இடம், யார் மூலம் ஃபார்வர்ட் ஆனது என்பதற்குத் தனி இடம். முதல் கம்பெனி இரண்டையும் நிரப்பி அனுப்ப வேண்டும். இரண்டாவது கம்பெனி ஓரத்தைப் பார்த்து நம்பி, அசல் நம்பரைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலிக்காது. முதல் கம்பெனியில் பொறுமையான ஒருவர் கிடைத்து, அவர்கள் பக்கத்து வேலையை முடித்துத் தந்தார். அப்போதும் நம்பர் வரவில்லை. இரண்டாவது கம்பெனியின் இணையப் பக்கத்தில் 'கூப்பிட்டவர் நம்பரைக் காட்டு', 'என் நம்பரைக் காட்டு' என்று இரண்டு வட்டங்கள் இருந்தன. புள்ளி இரண்டாவதில் இருந்தது. நீங்கள்தான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்துச் சொன்னீர்கள். நான் மாற்றினேன்.

ஏழுமலையை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்த சமயம் அது. அஞ்சலையிடம் சொல்லி உப்பளத்திலிருந்து இரண்டு ரிங் விடச் சொன்னீர்கள். மூன்று போனும் அடித்தன. மூன்றிலும் 'அஞ்சலை'. நீங்கள் திருப்பிக் கூப்பிட்டு, "அஞ்சலை, ஒன் பேரோட வந்துது" என்றீர்கள். அந்தப் பக்கம் அவள், "வேற யார் பேரோட வரும் பாயம்மா?" என்றாள்.

அதன் பிறகு எத்தனை பேரை அந்த வேன் ஏற்றி இறக்கியது என்று நாம் கணக்கு வைக்கவில்லை. கீழ்புத்துப்பட்டில் பிள்ளை வலி கண்ட பெண்ணைக் கொண்டுபோனபோது நீங்களும் பின்னாலேயே உட்கார்ந்து போனீர்கள். திரும்பி வந்து, "பொம்பளப் புள்ள. கத்துன கத்துல டிரைவருக்கு மயக்கம் வந்துடுச்சி" என்று குமாரைக் கேலி செய்தீர்கள்.

"சும்மா இருங்க பாயம்மா, தூக்கம் இல்ல, அதான்" என்றான் குமார்.

"அப்ப ஏம்பா கண்ண மூடினு கலிமா சொன்ன? ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் பக்கத்துல சொல்லினே வந்தீங்க. எனக்கும் பயமா இருந்துது, நானும் சொல்லிட்டேன்."

இதை எழுதும்போது சிரிப்பு வர வேண்டும். வரும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

மாலை அஸர் தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளு செய்யப் போன இடத்தில் நீங்கள் விழுந்த அன்று நம் நம்பருக்கு யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நேராக ஓடிப் போய்க் குமாரைக் கூட்டி வந்தார். நம் வேன்தான். நானும் ஏறிக்கொண்டேன். உங்கள் கை ஈரமாக இருந்தது. அது ஒளு செய்த தண்ணீர் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். வேறொன்றும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வெளியே வந்து சொன்னதும், குமார் வேனை ஓரமாக நிறுத்தப் போனான். அது ஏற்கெனவே ஓரமாகத்தான் நின்றிருந்தது.

உங்கள் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. சில நாள் கழித்து அஞ்சலை தெருவில் என்னைப் பார்த்தபோது சொன்னாள்: "பாயம்மா போனதும் நம்பரும் போயிடுச்சி இல்ல டீச்சர்?"

எனக்குப் புரியவில்லை.

"வண்டி நம்பருக்கு அடிச்சா, சுவிட்ச் ஆஃப்னு ஒரு பொம்பள சொல்லுது. செரி, அவங்களே இல்ல, இனிமே எங்கன்னு நெனச்சோம். ஷேர் ஆட்டோவுல போயிக்கிறோம்."

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அழைப்பு மூன்று போனுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. உங்கள் போன் அணைந்திருப்பதால் அந்தப் பக்கத்து அறிவிப்புக் குரல் உடனே பேச ஆரம்பிக்கிறது. யாரோ எடுத்துப் பேசிவிட்டார்கள் என்று கம்பெனி எடுத்துக்கொண்டு, என் போனையும் குமார் போனையும் அடிக்கவிடாமல் நிறுத்திவிடுகிறது. உப்பளத்தில் நிற்பவர்களுக்கு, நீங்கள் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். மூன்று நம்பர்கள் வரிசையாக இருந்தன. முதலில் உங்களுடையது. பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம். தொட்டேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. எழுந்து போய் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆம் என்றேன். எதுவும் நடக்கவில்லை. மூன்று வரிசை இருந்த இடத்தில் இரண்டு இருந்தது.

நம்பர் உங்கள் பெயரில் இருந்ததால் முதல் கம்பெனியில் அதை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. பர்வீன் வந்து கையெழுத்துப் போட்டாள். மாற்றியதும் நம்பர் பிழைத்தது, போன் அடித்தது. ஆனால் பெயர் மாறும்போது பழைய ஏற்பாடுகள் எல்லாம் அழிந்துவிடுமாம்; ஃபார்வர்டை மட்டும் மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஓரம் போய்விட்டது. மறுபடியும் எல்லா அழைப்பும் 'வண்டி' என்றே வந்தது. குமார் சொன்னான், "டீச்சர், பழையபடி நானே எனக்குப் போன் பண்ற கதையா ஆயிடுச்சி." அவனும் சிரிக்கவில்லை. எத்தனையோ வருடம் கழித்து, உப்பு வாரும் பருவம் தொடங்கும் நேரத்தில், அஞ்சலை நின்ற அதே இடத்துக்கு வந்து நின்றோம். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்க நீங்கள் இல்லை.

உதவி எண்ணில் ஒரு சின்னப் பெண் பேசினாள்.

"மேடம், கால் ஃபார்வர்ட் ஆகுது இல்ல? அப்புறம் என்ன பிராப்ளம்?"

தபால் உதாரணத்தைச் சொன்னேன். பெறுநர், அனுப்புநர், பழைய வீட்டுக்காரர் எல்லாம். முழுதும் கேட்டாள்.

"ஸாரி மேடம், நான் லெட்டரே போட்டதில்ல. யார் எந்தப் பக்கம் எழுதுவாங்க?"

நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஓர் உதாரணம் எடுபடவில்லை என்றால் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, உதாரணத்தைத்தான் மாற்ற வேண்டும். "போன்ல ஃபார்வர்ட் மெசேஜ் வரும் இல்லம்மா?" என்றேன். "உன் சித்தப்பா அனுப்பியிருப்பாரு. உள்ள, 'பொண்ணுக்கு ரத்தம் அவசரமா வேணும்'னு இருக்கும். உனக்குச் சித்தப்பா பேர்தான் தெரியும். ரத்தம் கேட்டது யாரு, எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாது. சித்தப்பாவத் திருப்பிக் கேட்டா, எனக்கும் யாரோ அனுப்புனாங்கன்னு சொல்லுவாரு. இப்ப ரத்தத்த யாருக்குக் குடுப்ப?"

"புரியுது மேடம்" என்றாள். "ஒரிஜினலா கூப்பிட்டவங்க நம்பர் வரணும். ஃபார்வர்ட் பண்ணது நீங்கன்னு தனியா போகணும். டெக்னிகல் டீமுக்குச் சொல்றேன்." பிறகு தயங்கி, "உங்களுக்கு யார் மேடம் கால் பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"உப்பளத்துல வேலை செய்யறவங்க" என்றேன்.

நீங்களாக இருந்தால் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டிருப்பீர்கள். போனை வைத்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு முந்தைய நாள், சரி செய்துவிட்டோம் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. சோதித்துப் பார்க்க வெளிப் போன் ஒன்று வேண்டும். என் போனும் குமார் போனும் அடிக்கிற போன்கள், அவற்றிலிருந்து கூப்பிட்டால் குழப்பம். மறுநாள் உங்கள் வீட்டில் ஓதி முடித்து, நெய்ச்சோறு பரிமாறி, கூட்டம் கலைந்த பிறகு பர்வீனிடம் சொன்னேன். அவள் போனில் சார்ஜ் இல்லை. பையைத் துழாவி இன்னொன்றை எடுத்தாள். உங்கள் போன். போட்டோக்களை எடுத்துக்கொள்வதற்காகச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாளாம். வரிசையிலிருந்து நீக்கிவிட்டதால் அதுவும் இப்போது வெளிப் போன்தான்.

"இதுலேந்து அடிக்கட்டுமா டீச்சர்?"

"அடிம்மா. ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணிடு."

அவள் வாசல் பக்கம் போனாள். நான் உங்கள் ஹாலில், பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருக்கும் பக்கத்தில் நின்றேன். என் போன் அடித்தது. திரையில் 'வண்டி' என்று இல்லை. 'பாயம்மா' என்று இருந்தது. இரண்டு ரிங். நின்றது.

சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பர்வீனிடம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் கையில் இருந்த உங்கள் போன் அடித்தது. 'டிரைவர் குமார்'. சோதனை செய்யப் போகிறோம் என்று குமாரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவன் பொம்மையார்பாளையத்தில் யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். மிஸ்டு கால் வந்தால் வண்டியை ஓரம் கட்டித் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்பதுதான் நீங்கள் அவனுக்குப் போட்ட ஒரே சட்டம். பர்வீன் பயந்துபோய் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க பாயம்மா, எங்க வரணும்?"

பின்னால் ஈ.சி.ஆரில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. பர்வீன் போனை என் பக்கம் நீட்டினாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"குமாரு, நான் டீச்சர்" என்றேன். "டெஸ்ட் பண்ணோம்பா."

வேனின் இன்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது.

"நம்பர் வருது டீச்சர்" என்றான். "கரெக்டா வருது."

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அஞ்சலையிடம் சொன்னேன், அவள் கொட்டகை கொட்டகையாகச் சொல்லிவிட்டாள். முந்தாநாள் கண்ணில் உப்புத்தண்ணீர் தெறித்த ஒரு பெண்ணுக்காக இரண்டு ரிங் வந்தது. பெயரோடு வந்தது. கூப்பிட்டேன், குமார் போனான். இனி மாதம் ஒரு முறை வாசலின் தடவுவது என் வேலை. பெட்டியின் இரண்டு விளக்கும் எரிகின்றன.

நம்மிடம் ஒரு சட்டம் இருந்தது. வந்த மிஸ்டு காலை யாரும் திருப்பிக் கூப்பிடாமல் விடக்கூடாது. என் போனில் சிவப்பாக ஒன்று கிடக்கிறது, 'பாயம்மா' என்று. அதற்கு மேலே புதிது புதிதாக அழைப்புகள் வந்து, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. தினமும் விரலால் தள்ளிக் கீழே போய், இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. அதை மட்டும் நான் இன்னும் திருப்பிக் கூப்பிடவில்லை.